திங்கட்கிழமை நடுக்கம்

பிரேக்கை மிதித்தால் வண்டி நடுங்கியது. திங்கட்கிழமைகளில் ரொம்ப மோசம். பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் வெற்றிலைப் பெட்டி மடியிலிருந்து குதித்துக் கீழே விழும். செவ்வாய், புதனில் உதறல் கொஞ்சம் தணியும். சனிக்கிழமைக்குள் வண்டி ஏறக்குறைய சாதுவாகிவிடும். ஞாயிறு ஓய்வு. மறுபடி திங்கட்கிழமை காலையில் ஆம்பூர் ஸ்டேஷன் ரோட்டில் முதல் முறை பிரேக்கில் கால் வைத்ததும், நடுக்கம் பின் சக்கரத்தில் கிளம்பி, தரைப்பலகை வழியாக ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கை வரைக்கும் வந்து ஆட்டும்.

வண்டிக்கு உடையவர் தனகோடி முதலியார். நடுக்கத்துக்கு அவர் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். அவருடைய எல்லாக் கண்டுபிடிப்புகளையும் போல அதுவும் உரத்த குரலில்தான் பிறந்தது.

"வண்டி எங்கய்யா நடுங்குது? டிரைவர் நடுங்குறான். ஞாயித்துக்கெழம மாதா கோயிலுக்குப் போறேன்னு போறான். வர்ற வழியில கள்ளுக்கடை கீது. மறுநாள் கை கால் ஒதறாம இன்னா பண்ணும்?"

கேட்டவர்கள் சிரித்தார்கள். முதலியாரின் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் அவர் சொன்னதற்குச் சிரிக்காமல் இருப்பது எப்படி?

டிரைவர் அந்தோணி குடிக்காதவன் என்று சத்தியம் செய்ய முடியாது. கிறிஸ்துமஸுக்குக் குடிப்பான், ஈஸ்டருக்குக் குடிப்பான், பாகாயத்தில் மச்சான் வீட்டில் விசேஷம் என்றால் குடிப்பான். ஆனால் வண்டியில் ஏறும் நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. யுத்த காலத்தில் மெசபடோமியா மணலில் பட்டாளத்து லாரி ஓட்டியவன். அங்கே குடித்துவிட்டு ஓட்டிய இரண்டு பேரைத் தன் கையால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்திருந்தான். அவனிடம் இருந்த சொத்து லைசென்சும் முன்கோபமும். இரண்டையும் அவன் பத்திரமாக வைத்திருந்தான்.

முதலியாரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஆலங்காயம் காட்டில், தோல் பதனிட உதவும் ஆவாரம் பட்டைக்குக் காண்ட்ராக்ட் எடுத்தவர். பட்டையிலிருந்து தோலுக்கு வந்தார், தோலிலிருந்து மோட்டாருக்கு வந்தார், மோட்டாரிலிருந்து பொதுவாழ்வுக்கு வந்துகொண்டிருந்தார். சர்க்கார் கொடுக்கும் ராவ் சாகிப் பட்டத்தின் மேல் ஒரு கண். ஊரெல்லாம் அந்நிய சாமான் வேண்டாம் என்று பேசிக்கொண்டிருந்த காலமாகையால், அந்தப் பக்கமும் ஒரு கண். கலெக்டரைப் பார்க்கப் போகும்போது கோட்டு போடுவார். சுதேசிக் கூட்டத்துக்குப் போகும்போது அதே கோட்டின் மேல் ஒரு கதர்த் துண்டு போடுவார். துண்டை எந்த இடத்தில் எடுக்க வேண்டும், எந்த இடத்தில் போட வேண்டும் என்பதில் மட்டும் அவர் ஒருநாளும் தவறியதில்லை.

அந்தத் திங்கட்கிழமை வண்டி தோல் ஷாப்பு வாசலை நெருங்கும்போது, உள்ளேயிருந்து தோல் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வெளியே வந்தது. அந்தோணி பிரேக்கை மிதித்தான். வண்டி நடுங்கி, பின்பக்கம் இடதுபுறமாக வழுக்கிக்கொண்டு போய், வாசலோரத்தில் கேழ்வரகுக் கூழ் விற்றுக்கொண்டிருந்த கெங்கம்மாளின் மேல் மோதியது. கூழ்ப்பானை சுக்கு நூறு. அவளுடைய வலது மணிக்கட்டும் முறிந்தது.

முதலியார் இறங்கினார். முதலில் மட்கார்டைப் பார்த்தார். அது லேசாக நெளிந்திருந்தது. அதன்பிறகு கெங்கம்மாளைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, மேடையில் நிற்பதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் கண்ணால பாத்துக்கோங்க. குடிச்சிட்டு ஓட்டினா இதான் கதி."

அந்தோணிக்கு முகமெல்லாம் இரத்தம் ஏறியது. "மொதலாளி, வார்த்தைய அளந்து பேசுங்க. மூணு வாரமா நான் சொல்லிட்டு வர்றேன், பிரேக்குல இன்னாவோ கோளாறுன்னு."

"பிரேக் புத்தம் புதுசுடா! நீ வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போயிருந்தப்ப மெட்ராஸ்லருந்து மெக்கானிக் வந்து பிரேக் பட்டை மாத்திட்டுப் போனான். புதுப் பட்டைக்கு ஏது கோளாறு? கோளாறு ஒன் ஒடம்புல."

"ஊதிக் காட்டட்டா? வாயை மோந்து பாக்குறீங்களா?"

"எனக்கு அது வேலையா? வர்ற திங்கக்கெழம வேலூர்ல தோல் வியாபாரிங்க சங்கக் கூட்டம். அதுவரைக்கும் ஓட்டு. அப்புறம் மெட்ராஸ்லருந்து வேற ஆள் வர்றான். வேலூர்ல போயி நயீம் அகமதுகிட்ட பஸ் ஓட்டலாம்னு மட்டும் கனவு காணாத. அவருக்கும் சொல்லி அனுப்பிட்டேன்."

அந்தோணியின் வயிற்றில் அடித்தது அந்தக் கடைசி வார்த்தைதான். இந்த வட்டாரத்தில் வெளி ஆளை நம்பி வண்டி கொடுக்கிற மனிதர் நயீம் அகமது ஒருவர்தான். வேலூருக்கும் ஒடுகத்தூருக்கும் அவருடைய பஸ்கள் ஓடுகின்றன. மற்றபடி மோட்டார் வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர். அத்தனை பேரும் முதலியாருடன் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள். குடிகாரன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் வண்டியின் ஹாண்டிலைக்கூட ஒருத்தனும் தொட விடமாட்டான். வேலை போனால் போகட்டும். பெயர் போனால் அவன் கையில் இருப்பது வெறும் கைதான்.

கெங்கம்மாள் தரையில் உட்கார்ந்தபடியே, "நாசமாப் போறவனே! என் கைய ஒடச்சிட்டியேடா!" என்று அலறினாள். அவளும் அந்தோணியைப் பார்த்துத்தான் அலறினாள்.

மூன்று வாரமாக அவன் பார்க்காத இடமில்லை. சக்கரத்து நட்டுகளை முறுக்கினான். டயர்களை முன்னுக்குப் பின் மாற்றினான். வண்டியைத் தாங்கும் வில்லுப்பட்டைகளின் போல்ட்டுகளை இறுக்கினான். ஸ்டீயரிங் மூட்டுகளை ஆட்டிப் பார்த்தான். மாதனூர் ரோட்டில் வேகமாக விட்டு, பிரேக்கைத் தொடாமல் தானாகவே ஓய்ந்து நிற்க விட்டான், ஆட்டம் இல்லை. தொட்டால்தான் ஆட்டம். அப்படியானால் நோய் பிரேக்கில். பிரேக் இருப்பது பின் சக்கரம் இரண்டில் மட்டும். பிரேக் கம்பிகளின் நீளத்தை இரண்டு பக்கமும் சமமாக வைத்துப் பார்த்தான். அப்போதும் ஆட்டம். உள்ளே திறந்து பார்க்காததற்கு ஒரே காரணம், மெட்ராஸ் மெக்கானிக் புதுப் பட்டை போட்டான் என்று முதலியார் சொன்னதை அவன் நம்பித் தொலைத்ததுதான். தவிரவும் ஒரு கேள்விக்கு அவனால் பதில் கண்டுபிடிக்க முடியவில்லை. இரும்புக்குக் கிழமை எப்படித் தெரியும்? ஒரு திங்கட்கிழமை காலையில், யாரும் பார்க்காத நேரத்தில், தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டான். அப்படிப் பார்க்க வைத்ததற்காக முதலியாரின் மேல் அவனுக்கு ஏற்பட்ட ஆத்திரம் சாதாரணமானதல்ல.

மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தாலும் கெங்கம்மாள் இரண்டாம் நாளே வாசலுக்கு வந்துவிட்டாள். இடது கையால் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தோணி போய் எதிரில் நின்றான்.

"வந்துட்டியா? இன்னொரு கை பாக்கி கீது. அதையும் ஒடச்சிட்டுப் போ."

"கெங்கக்கா, நான் குடிக்கல. மாதா மேல சத்தியம்."

"நீ குடிச்சா இன்னா, குடிக்காட்டி இன்னா? ஒன் வண்டிதான் ஞாயித்துக்கெழம ஆனா மூக்கு முட்டக் குடிக்குதே."

"இன்னாது?"

"தெரியாத மாதிரி கேக்குறான் பாரு! நீ கோயிலுக்குப் போன ஒடனே எண்ணெக் கொட்டகை பெருமாளு மூக்குக் கெண்டியில புங்க எண்ணெய எடுத்தாந்து, படுத்துக்கினு, பின்னால ரெண்டு சக்கரத்துக்கும் உள்ள ஊத்துறான். கல்யாண மாப்ளைக்கு எண்ணெ தேய்க்கிற மாதிரி. வாரா வாரம் நடக்குது."

அந்தோணி திரும்பி எண்ணெய்க் கொட்டகையைப் பார்த்தான். பிறகு, "இத ஏன்க்கா என்கிட்ட சொல்லல?" என்றான்.

"நீ கேட்டியா? ஊத்தச் சொன்னதே நீதான்னு இல்ல நெனச்சேன். வண்டி ஒன் பொறுப்பு, எண்ணெ ஒன் பொறுப்பு. கூழுக்கு உப்பு போடலாமான்னு கேளு, சொல்றேன்."

எண்ணெய்க் கொட்டகையில் பெருமாள் பதனிட்ட தோல்களை விரித்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தோணி அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினான்.

"எவன் கேட்டு என் வண்டியில எண்ணெ ஊத்துன?"

"வுடுண்ணே! மொதலாளிதான் ஊத்தச் சொன்னாரு. தோலு காயக்கூடாது இல்ல? காஞ்சா வெடிச்சிடும்."

"என் வண்டியில ஏதுடா தோலு?"

பெருமாளின் முகத்தில் பயம் போய் ஆச்சரியம் வந்தது. "ஒனக்குத் தெரியாதா? நீ வேளாங்கண்ணி போயிருந்தப்ப நாங்கதானே போட்டோம். மொதலாளி பக்கத்துல நின்னு அளவு சொன்னாரு. நம்ம ஷாப்பு மாட்டுத்தோலு, முதுகுப் பாகம், மொத்தமா நல்ல பதம். ஒன்கிட்ட சொல்லாதேன்னாரு. நீ அடம் புடிப்பியாம்."

"மெட்ராஸ் மெக்கானிக்கு?"

"எந்த மெக்கானிக்கு?"

அந்தோணி சட்டையை விட்டான். அங்கேயே, அப்போதே, வாசலிலேயே வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினான். சுற்றிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். இடது பின் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பெரிய இரும்புக் குடத்தை இழுத்து வெளியே எடுத்தான். அதற்குள்ளே வளைந்த கட்டைகள் இரண்டு. பிரேக்கை மிதித்தால் கட்டைகள் விரிந்து குடத்தின் உட்சுவரைப் பிடிக்கும். அப்படிப் பிடிக்கிற இடத்தில்தான் பட்டை. அங்கே அவன் கண்டது எண்ணெயில் ஊறி வீங்கிய தோல். ஒரு பக்கம் சூட்டில் கருகி, கண்ணாடி மாதிரி பளபளவென்று இறுகிக் கிடந்தது. மறுபக்கம் விரலை அழுத்தினால் எண்ணெய் கசிந்தது. இறுகின இடம் கவ்வும், ஊறின இடம் வழுக்கும், கவ்வும், வழுக்கும். சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி நடுங்காமல் என்ன செய்யும்? வலது பக்கத்தையும் திறந்தான். அந்தப் பக்கம் எண்ணெய் கம்மி. அதனால்தான் வண்டி நேராக நிற்காமல் ஒரு பக்கமாக வழுக்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊற்றிய எண்ணெய் வாரம் முழுக்க ஓடிய சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்திருக்கிறது. காய்ந்து முடிந்ததும் மறு வாரத்து எண்ணெய்.

பெருமாள் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் சரியாத் தேய்க்கல போலக் கீதே" என்று மெய்யாகவே வருத்தப்பட்டான். முப்பது வருஷத்தில் ஒரு தோலைக்கூட அவன் காயவிட்டதில்லை. அவனைத் திட்ட அந்தோணிக்கு வாய் வரவில்லை.

கழற்றிய கட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட, அந்தோணி முதலியாரின் ஆபீஸ் அறைக்குள் நுழைந்து மேஜையில் வைத்தான். முதலியார் அவற்றைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இன்னா மொதலாளி இது?"

"கத்தாதே. அதுதான் சுதேசி பிரேக்."

"சுதேசி?"

"ஆமாண்டா. அந்நிய நாட்டுக் கல்நார்ப் பட்டைக்கு எதுக்கு நாம அடிமையாகணும்? செருப்புக்கு நம்ம தோலு, சேணத்துக்கு நம்ம தோலு, பிரேக்குக்கு மட்டும் வெள்ளைக்காரன் சரக்கா? திங்கக்கெழம சங்கத்துல இதப்பத்தித்தான் பேசப்போறேன். பேச்சு தயார். பத்திரிகைக்காரங்க வர்றாங்க."

"இதனாலதான் வண்டி நடுங்குது. இதனாலதான் அந்தம்மா கை ஒடஞ்சிது. இத வெச்சிக்கினு என்ன குடிகாரன்னு சொன்னீங்களே!"

முதலியார் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் தர்மகர்த்தாவின் சாந்தம் வந்து உட்கார்ந்தது.

"சரி. ஒரு சின்னத் தப்பு நடந்திருக்கலாம். ஸ்டோர் ரூம்ல மெட்ராஸ்ல வாங்கின கல்நார்ப் பட்டை புதுசாவே கீது, எடுத்துப் போட்டுக்கோ. வேலையிலயும் இரு. ஆனா இது வெளிய போகக்கூடாது. யாராவது கேட்டா, டிரைவர் குடிச்சிட்டிருந்தான், நான் புத்தி சொல்லித் திருத்திட்டேன்னு சொல்லிக்கிறேன். ஒனக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை."

அந்தோணி கட்டைகளை மேஜையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டான். தப்பான பிரேக்கைப் போட்டதைவிட, அதை மறைத்ததைவிட, இந்த மரியாதைதான் அவன் எலும்பைச் சுட்டது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு. அந்த மன்னிப்பும் ஒரு பொதுநலத் தொண்டாம்.

"பட்டைய எடுத்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தான். முதலியார் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். தாம் சொன்னதற்கு எதிராளி மறுத்துப் பேசாவிட்டால் அதற்கு வேறு பொருள் இருக்கலாம் என்பது அவருக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தோணி பூசைக்குப் போகவில்லை. கோயிலில் அவனைக் காணாதவர்கள், விடியற்காலையிலேயே கள்ளுக்கடைக்குப் போய்விட்டான் என்று பேசிக்கொண்டார்கள். அவன் வண்டிக்குக் கீழே படுத்திருந்தான். தோலைச் சுரண்டி எடுத்தான். இரும்புக் குடங்களை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, வழவழப்பு போகும்வரை மணல் காகிதத்தால் தேய்த்து, வெயிலில் காயவைத்தான். ஸ்டோர் ரூமிலிருந்த கல்நார்ப் பட்டையை அளவுக்கு வெட்டி, செப்பு ரிவெட் அடித்து, ரிவெட்டின் தலைகள் பட்டைக்குள் நன்றாகப் புதையும்படி தட்டினான். குடத்தின் உட்சுவரில் சாக்கட்டி பூசி, மாட்டிச் சுற்றினான். பட்டையில் எங்கெல்லாம் வெள்ளை ஒட்டியதோ அந்த மேட்டை அரத்தால் தேய்த்தான். மறுபடி பூசினான், மறுபடி சுற்றினான். வெள்ளை பட்டை முழுக்க ஒரே சீராக ஒட்டுகிற வரைக்கும் விடவில்லை. கடைசியில் இரண்டு பக்கத்துக் கம்பியையும் சமமாக வைத்தான். பெருமாள் வழக்கம்போல் எண்ணெய்க் கெண்டியோடு வந்து நின்றபோது, அந்தோணி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தான். பெருமாள் கெண்டியோடு திரும்பிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை. கோட்டு, கோட்டின் மேல் கதர்த் துண்டு, கையில் பேச்சுக் காகிதம். முதலியார் பின் சீட்டில் ஏறினார். தோல் ஷாப்புக்கு ஆட்கள் வருகிற நேரம். வேலூருக்குத் தோல் ஏற்றிய வண்டிகள் வரிசையாக நின்றன. வண்டிக்காரர்கள் கெங்கம்மாளிடம் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் நல்ல வேகத்தில் வந்தது. வாசலுக்கு நேர் எதிரில் அந்தோணி பிரேக்கை மிதித்தான்.

வண்டி நின்றது. ஆட்டமில்லை, உதறலில்லை. வெற்றிலைப் பெட்டி மடியைவிட்டு அசையவில்லை. அந்தோணி கை பிரேக்கை இழுத்தான். அதுவும் அதே கட்டைகளைத்தான் விரிக்கும். இஞ்சினை நிறுத்தினான்.

"ஏண்டா நிறுத்திட்ட?"

"இங்கதானே மொதலாளி என்னக் குடிகாரன்னு சொன்னீங்க? இன்னிக்குத் திங்கக்கெழம. வண்டி நடுங்கிச்சா?"

"டேய், கூட்டத்துக்கு நேரமாச்சு!"

"நடுங்கிச்சா இல்லையா?"

கூழ்ச் சட்டிகளைக் கீழே வைத்துவிட்டு ஆட்கள் சுற்றி நின்றார்கள். முதலியார் சுற்றுமுற்றும் பார்த்தார். துண்டைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார்.

"வாகனத்தின் நிறுத்து கருவியில் எதிர்பாராத விதமாக ஒரு சிறு பிசகு நேர்ந்துவிட்டபடியால்..."

"யாருக்குய்யா நேர்ந்துச்சு?" என்றாள் கெங்கம்மாள். கட்டுப்போட்ட கையைத் தூக்கி அவர் மூக்குக்கு நேராகக் காட்டினாள். "எனக்குத்தான் நேர்ந்துச்சு. எண்ணெ ஊத்தச் சொன்னது எவன்? அதச் சொல்லு."

"பெருமாள் கொஞ்சம் அவசரப்பட்டு..."

"மொதலாளி!" பெருமாளின் குரல் கூட்டத்தின் பின்னாலிருந்து கீச்சென்று வந்தது. "நான் கேக்காம ஒரு சொட்டு எண்ணெ தொட்டிருப்பேனா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தோணி ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அன்னிக்கு ஊருக்கே கேக்கற மாதிரி கத்துனீங்க. இன்னிக்கும் கத்துங்க. இல்லாட்டி வேலூருக்கு நடந்து போங்க."

முதலியார் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"சரிடா! நீ குடிக்கல. பிரேக்குல தோல் போடச் சொன்னது நான். எண்ணெ ஊத்தச் சொன்னதும் நான்தான். போதுமா?"

"இன்னொரு தரம். வண்டிக்காரங்களுக்குக் கேக்கல."

"நீ குடிக்கலடா!"

வண்டிக்காரர்கள் கேட்டார்கள். அந்தப் பேச்சு அவர்களோடு பள்ளிகொண்டா, வேலூர் வழியாக நயீம் அகமதுவின் பஸ் ஸ்டாண்டு வரை போய்ச் சேர்ந்துவிடும் என்பது அந்தோணிக்குத் தெரியும். அவன் கதவைத் திறந்து இறங்கினான். தொப்பியைக் கழற்றி முன் சீட்டில் வைத்தான்.

"எங்க போற? ஏறு, ஓட்டு!"

"பிரேக் சரியா கீது மொதலாளி. இனிமே எவன் வேணா ஓட்டலாம்."

ரோட்டின் ஓரமாகவே நடந்து போனான். ஒருதரம்கூடத் திரும்பவில்லை. முதலியார் சுற்றிலும் பார்த்தார்; அவனைத் தவிர மோட்டார் ஓட்டத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. பிறகு, வேலூருக்கு ரயில் பிடிக்க மோட்டாரை ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துக்கொண்டு போக ஒரு ஜோடி மாடு கொண்டுவரும்படி உத்தரவு போட்டார். இறங்கி நடப்பது அவர் அந்தஸ்துக்குப் பொருந்தாது. மாடுகள் வந்தன. முன்பக்கத்தில் கயிறு கட்டினார்கள். வண்டிக்காரன் வாலை முறுக்கினான். மாடுகள் முட்டியை மடக்கி, நுரை தள்ள இழுத்தன.

கை பிரேக்கை எப்படி விடுவிப்பது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. முதலியாருக்கும் தெரியாது. பின் சக்கரங்கள் சுற்றாமல், மண்ணில் இரண்டு நேர்கோடு போட்டுக்கொண்டு, நாலு முழம் நகர்ந்து அங்கேயே நின்றன. முதலியார் பின் சீட்டில் பேச்சுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.